பங்குனியில் வீடு பார்க்க வந்தவர்கள்

அருப்புக்கோட்டைக்கு வசந்தகாலம் உண்டு என்பதே எனக்கு ஒரு நோட்டீஸைப் பார்த்துத்தான் தெரியும். பங்குனியில் எங்கள் ஊர்த் தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கும். கண்மாய்க்குள் கிரிக்கெட் ஆடலாம். வேப்பமரம் மட்டும் யாரையும் கேட்காமல் பூத்துத் தொலைக்கும். இந்த லட்சணத்தில், ‘இனிய வசந்தத்தில் நம் ஊரின் பழம்பெரும் இல்லங்களைக் கண்டு மகிழ்வோம்’ என்று ரோஸ் கலர் தாளில் அடித்து வீடு வீடாகக் கொடுத்தார் ஒரு பேராசிரியர். மதுரையில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துபவர். சொந்த ஊர் பக்கத்திலேயே இருக்கிற பாளையம்பட்டி. வெயில் தெரியாத ஆளில்லை. இருந்தும் அப்படி எழுதினார் என்றால் அவருடைய தைரியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் ஐந்தாம் வகுப்பு. அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு வெளியூரில் பிழைக்கிறவர்கள் எல்லாரும் ஊர் வந்து சேர்ந்துவிடுவார்கள். கடைகளுக்கெல்லாம் அடைப்பு. தெருவில் தடுக்கி விழுந்தால் சொந்தக்காரர்கள் மேல்தான் விழ வேண்டும். அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக மதுரையிலிருந்து தன் மாணவர்களையும், மெட்ராசிலிருந்து சில ஆட்களையும், ஒரு வெள்ளைக்காரத் தம்பதியையும் கூட்டிவந்து, ஒரு காலைப்பொழுதில் எங்கள் தெருவில் நான்கு வீடுகளைச் சுற்றிக் காட்டுவது என்பது அவர் திட்டம். சட்டையில் மஞ்சள் ரிப்பன் குத்திக்கொண்ட யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், அண்ணாந்து பார்க்கலாம், வீட்டுக்காரர்கள் கொடுக்கும் மோரைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டலாம்.

நான்கு வீடு என்று நோட்டீஸில் போட்டிருந்தது. முதல் வீட்டில் வாசல்கதவு மட்டும்தான் பழசு, மற்றதெல்லாம் மொசைக். இரண்டாவது வீட்டில் மாடியில் வௌவால், கீழே பருத்திக் குடோன். மூன்றாவதும் நான்காவதும் எங்கள் வீடு.

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அது ஒரே வீடுதான். பருத்தி வியாபாரத்தில் பெரிய ஆளான எங்கள் பூட்டன் கட்டியது. நடுவில் வானம் தெரிகிற முற்றம், அதைச் சுற்றி நான் கட்டிப்பிடித்தால் கைக்கு அடங்காத பர்மாத் தேக்குத் தூண்கள், முற்றத்துக்கு முன்னால் ஒரு கல்யாணப் பந்தியையே உட்காரவைக்கக்கூடிய பெரிய கூடம். பட்டாசாலை என்போம். அந்தப் பட்டாசாலையில் ஆரம்பித்து, முற்றத்தை வெட்டி, அடுப்படியைத் தாண்டி, கொல்லை வரைக்கும் நேர்கோடாக ஒரு செங்கல் சுவர் ஓடியது. சுவருக்குத் தெற்கே நாங்கள். வடக்கே பெரியப்பா வீடு. சுவருக்குப் பூச்சுகூடக் கிடையாது. பூசினால் யார் பூசுவது என்று அதற்கு வேறு ஒரு பஞ்சாயத்து வைக்க வேண்டியிருந்திருக்கும்.

பாகம் பிரித்தவர்கள் நியாயஸ்தர்கள். தூண்களைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஊஞ்சலை எப்படிப் பிரிப்பது என்று ஒருநாள் முழுக்க யோசித்து அதையும் பிரித்துவிட்டார்கள். பலகை எங்களுக்கு, சங்கிலி அவர்களுக்கு. பலகையை இரண்டு டிரங்குப் பெட்டிமேல் போட்டு நான் வீட்டுப்பாடம் எழுதினேன். சங்கிலி அந்தப் பக்கம் உத்தரத்திலிருந்து சும்மா தொங்கியது. கொல்லைக் கிணற்றின் நடுவில்கூடச் சுவர் நின்றது. இந்தப் பக்கம் ஒரு கப்பி, அந்தப் பக்கம் ஒரு கப்பி. எங்கள் வாளி இறங்கும்போது அவர்கள் வாளி ஏறும். அடியில் தண்ணீரைத்தான் யாராலும் பிரிக்க முடியவில்லை.

இவ்வளவும் எதற்கு? ஒரு லோடு மிளகாய் வத்தலுக்கு. அண்ணனும் தம்பியும் அதற்கு முன்பு சேர்ந்துதான் வத்தல் கமிஷன் கடை நடத்தினார்கள். அப்பா பந்தல்குடிப் பக்கம் போய் ஒரு லோடு பிடித்துவந்திருக்கிறார். மூட்டைக்கு மேலே நல்ல காய்ச்சல், உள்ளே கைவிட்டால் ஈரம். லோடுமேன்களும் நாலு வியாபாரிகளும் நிற்கும்போதே பெரியப்பா சொன்னாராம்: “ஒனக்கு வத்தலும் பாக்கத் தெரியல, மனுசரையும் பாக்கத் தெரியல.” அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தவர்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் தனியாக ஒரு உரக்கடை வைத்தார். வீட்டுக்குள் சுவர் வந்தது. நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் அது.

அதிலிருந்து பேச்சு இல்லை. அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. பெரியப்பாவை எனக்கு முகத்தைவிட இருமலால்தான் நன்றாகத் தெரியும். விடியற்காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று தவணையாக இருமுவார். அப்பா இந்தப் பக்கம் பல் தேய்த்துக்கொண்டே அது முடிகிற வரைக்கும் சும்மா நிற்பார். முடிந்த பிறகு வாய் கொப்பளிப்பார். ஏன் அப்படி நிற்கிறார் என்று நான் கேட்டதில்லை.

என் கவலை வேறு. பெரியப்பாவுக்கு ஒரே மகள். என்னைவிடப் பத்து வயது மூத்த அக்கா. சுவர் வருவதற்கு முன் என்னை இடுப்பில் வைத்துத் திரிந்தவள். சுவர் வந்த பிறகும் சாயங்காலங்களில் சுவருக்கு மேலே ஒரு கனகாம்பரச் சரம் பறந்து வந்து எங்கள் முற்றத்தில் விழும். யார் போட்டது என்று அம்மா கேட்கமாட்டாள். எடுத்து என் தலையில் வைத்துவிடுவாள். அந்த அக்காவுக்குப் பாலவனத்தத்தில் மாப்பிள்ளை பார்த்து வைகாசியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. எனக்கு மாம்பழக் கலரில் பட்டுப்பாவாடை எடுத்தாயிற்று. கல்யாணத்துக்குப் போவோமா என்பது மட்டும்தான் தெரியாது.

அம்மாவுக்கு இருந்த கவலை பாவாடைக் கவலையைவிடப் பெரியது. அண்ணன் மகள் கல்யாணத்தில் சித்தப்பன் வந்து நிற்கவில்லை என்றால், அதோடு இரண்டு குடும்பமும் அற்றுப்போனது என்று ஊர் எழுதிவிடும். அப்புறம் ஒட்டாது. அப்பாவுக்கும் போக ஆசைதான். ஆனால் அண்ணன் தாம்பாளத்தோடு வாசலுக்கு வந்து அழைக்க வேண்டும். அண்ணனுக்கும் அழைக்க ஆசைதான். ஆனால் தம்பி வந்து முதலில் ஒரு வார்த்தை பேச வேண்டும். இரண்டு பேருமே நல்லவர்கள். இரண்டு பேருமே அசையமாட்டார்கள்.

இந்தச் சமயத்தில்தான் பேராசிரியர் ரோஸ் நோட்டீஸோடு வந்து நின்றார். அப்பா முடியாது என்றார். “எங்க வீட்ல பாக்க என்ன சார் இருக்கு. செவருதான் இருக்கு. அதப் பாக்க மெட்ராஸ்ல இருந்து வரணுமா.” பக்கத்து வாசலிலும் கிட்டத்தட்ட இதே பதில் கிடைத்தது என்று பேராசிரியர் பாவமாகச் சொன்னார். அண்ணன் தம்பி என்பது பதிலிலேயே தெரிந்திருக்கும் அவருக்கு.

அம்மாவுக்கு அன்று மதியம் தண்ணீர் இறைக்கும்போது மூளை வேலை செய்தது. அம்மா திருச்சுழிக்காரி, அவசரப்படமாட்டாள், ஆனால் விடமாட்டாள். கிணற்றடிதான் இரண்டு வீட்டுப் பெண்களுக்கும் தபால் ஆபீஸ். அம்மாவும் பெரியம்மாவும் நேரடியாகப் பேசிக்கொள்ளக் கூடாது. அதனால் அம்மா என்னிடம் பேசுவதுபோலப் பேசுவாள். பெரியம்மா அக்காவிடம் பேசுவதுபோலப் பதில் சொல்லுவாள். அக்கா வீட்டில் இல்லாதபோது பெரியம்மா வாளியிடம் பேசியதை நானே கேட்டிருக்கிறேன்.

அன்றைக்கு அம்மா பக்கத்தில் நிற்கும் என்னிடம், பாளையம்பட்டிவரை கேட்கிற குரலில் சொன்னாள்: “ஏத்தா, இதுல யாரும் யாரையும் கூப்புடவும் வேண்டாம், கூப்புட்டாகளான்னு பாக்கவும் வேண்டாம். ரிப்பனக் குத்திக்கிட்டு ஊரே போகுது. அதோட ஒரு ஆளு போயி ஒரு வாய் மோரக் குடிச்சுட்டு வந்தா என்ன கொறஞ்சு போச்சு?”

அந்தப் பக்கக் கப்பி நின்றது. பிறகு பெரியம்மா தன் வாளியிடம் சொன்னார்கள்: “ரோசன நல்லாத்தான் இருக்கு. நாமளும் ஒரு அண்டா மோருக்குப் பெறை ஊத்தணும்.”

எங்கள் பக்கத்தில் மோர் என்பது சும்மா மோர் இல்லை. பகையாகிப்போன வீட்டில் யாரும் கை நனைக்கமாட்டார்கள். தொண்டை காய்ந்து செத்தாலும் ஒரு மடக்குத் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்கள். குடித்துவிட்டால் பகை முடிந்தது. மன்னிப்புக் கேட்பது, கட்டிப்பிடிப்பது என்கிற சினிமாச் சமாச்சாரம் எதுவும் தேவையில்லை. குடித்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மழை தண்ணி உண்டா என்று கேட்டால் போதும். எனக்கு இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு எனக்குப் புரிந்தது, வீட்டுக்கு வெள்ளைக்காரர்கள் வரப்போகிறார்கள் என்பது மட்டும்தான்.

அம்மா அப்பாவிடம் என்ன பேசினாளோ, பேராசிரியருக்குச் சரி என்று சொல்லி அனுப்பினார் அப்பா. மறுநாளே பக்கத்து வீட்டிலும் சரி என்றுவிட்டார்கள். சுவரை உடைக்க முடியாதே, அதனால் பேராசிரியர் ஒரு வழி போட்டார். கூட்டம் எங்கள் தலைவாசல் வழியாக உள்ளே வரும். பட்டாசாலை, முற்றம், அடுப்படி பார்த்து, கொல்லைவாசல் வழியாகப் பின்சந்தில் இறங்கும். அங்கிருந்து பெரியப்பா வீட்டுக் கொல்லைவாசலில் ஏறி, அவர்கள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு, அவர்கள் தலைவாசல் வழியாக மறுபடி தெருவுக்கு வரும். மொத்தத்தில் சுவரை ஒரு சுற்று.

பொங்கலன்று காலையில் அப்பா முகச்சவரம் செய்துகொண்டு, வெளுத்த வேட்டி கட்டி, எங்கேயும் போகாதவர்போல உட்கார்ந்திருந்தார். முற்றத்தில் அண்டா நிறைய மோர். ஊற்றிக் கொடுக்கப் பேராசிரியரின் மாணவர்கள் இரண்டு பேர். நான்தான் எங்கள் பக்கத்துக்கு கைடு. அம்மா எனக்கு நாலு வரி சொல்லிக் கொடுத்திருந்தாள். நான் அதை நாற்பது வரி ஆக்கியிருந்தேன்.

முதல் கூட்டம் வந்ததும் அவிழ்த்துவிட்டேன். இது பர்மாத் தேக்கு, இது முட்டை வெள்ளைக்கரு கலந்து தேய்த்த சுவர், இந்த நிலைப்படியில் ஒரு ஜமீன்தார் தலை இடித்துக்கொண்டார். கடைசி வரி என் சொந்தச் சரக்கு. வெள்ளைக்கார அம்மா ஜமீன்தாருக்காக வருத்தப்பட்டு நிலைப்படியைத் தடவிப் பார்த்தார். மெட்ராஸ்காரர் ஒருவர் என் எழுதுமேசையைக் குனிந்து பார்த்து, இது ஊஞ்சல் பலகை ஆயிற்றே, சங்கிலி எங்கே என்றார். “அத அடுத்த வீட்ல பாக்கலாம்” என்றேன், ம்யூசியத்தில் வேலை பார்க்கிறவள்போல. அவரோடு வந்த அம்மாள் செங்கல் சுவரைக் காட்டி, இது எந்தக் காலத்தது என்று கேட்டார். “நான் ஒண்ணாப்பு சேரும்போது கட்டுனது.” பேராசிரியர் அவசரமாக ஒலிபெருக்கியைத் தூக்கி, அடுத்து நாம் அடுப்படியைக் காணலாம் என்று அறிவித்தார். அது கீ என்று கத்தியதில் முற்றத்துப் புறா எல்லாம் பறந்தது.

அந்தக் கூட்டம் அடுப்படிக்குள் நுழையும்போது அப்பா எழுந்தார். ஒரு மாணவனிடம் மஞ்சள் ரிப்பன் ஒன்றை வாங்கிச் சட்டையில் குத்திக்கொண்டார். குத்தத் தெரியாமல் விரலில் குத்திக்கொண்டு, அதை வாயில் வைத்துச் சப்பினார். சொந்த வீட்டைச் சுற்றிப் பார்க்க ரிப்பன் குத்திக்கொண்ட ஒரே ஆள் இவர்தான் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. என் பக்கம் குனிந்து சொன்னார்: “யாராச்சும் கேட்டா, அப்பா கடைக்குப் போயிருக்காகன்னு சொல்லு.”

இது எங்கள் வீட்டில் புதிதே இல்லை. எந்த வியாபாரி வீட்டுப் பிள்ளையிடமும் அப்பா எங்கே என்று கேட்டுப் பாருங்கள், கடைக்குப் போயிருக்காக என்றுதான் வரும். அப்பா மச்சில் தூங்கினாலும் கடைக்குத்தான் போயிருப்பார். நான் தலையாட்டினேன். அப்பா மெட்ராஸ்காரருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு கொல்லைவாசல் வழியாகப் போனார்.

மெட்ராஸ்காரர்கள் மோரைத் தண்ணீராகக் குடித்துவிட்டதால், தயிர் கடன் வாங்க அம்மா எதிர்வீட்டுக்கு ஓடியிருந்தாள். நான் என் ஜமீன்தார் கதையை இன்னும் கொஞ்சம் செப்பனிட்டுக்கொண்டிருந்தேன். அப்போது தலைவாசல் வழியாக இரண்டாவது கூட்டம் வந்தது. கூட்டத்தின் கடைசியில் ஒரு இருமல் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். பெரியப்பா. அரைக்கைச் சட்டையில் மஞ்சள் ரிப்பன். அதை மட்டும் நேராக, அழகாகக் குத்தியிருந்தார்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் கூட்டம் பார்க்கிறதே என்று ஆரம்பித்தேன். அவர் மற்றவர்களுக்குப் பின்னால் நின்று, டிக்கெட் எடுத்து வந்த ஆள்போல, நான் காட்டிய இடத்தையெல்லாம் பார்த்தார். இந்தத் தூணெல்லாம் எங்க பூட்டன் கப்பலில் கொண்டுவந்தார் என்றேன். “கப்பல்ல தூத்துக்குடி மட்டுக்கும்தான். அங்கருந்து மாட்டுவண்டி” என்றார் மெதுவாக. வரலாறு படிக்கிற பையன்கள் அதைக் குறித்துக்கொண்டார்கள். ஜமீன்தார் தலை இடித்துக்கொண்ட இடம் வந்தபோது அவர் ஒன்றும் திருத்தவில்லை. மீசைக்குள் சிரித்த மாதிரி இருந்தது.

கூட்டம் அடுப்படிக்குள் போனது. அவர் போகவில்லை. எங்கள் பக்கத்துத் தூண் ஒன்றில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பட்டாசாலையை ஒரு பார்வை, மச்சுப் படியை ஒரு பார்வை. யாரையோ தேடுகிறார் என்பது எனக்கே தெரிந்தது.

“ஒங்கப்பன் எங்கத்தா?”

“கடைக்குப் போயிருக்காக.”

“பொங்கலன்னைக்கா?”

“ஆமா, கடைக்குத்தான் போயிருக்காக.”

அவர் தூணிலிருந்து கையை எடுத்தார். கோபம் எதுவும் இல்லை. முகத்தில் ஏதோ ஒன்று அணைந்ததுபோல் இருந்தது, அவ்வளவுதான். மோர் ஊற்றுகிற பையன், இவரும் ரிப்பன் ஆள்தானே என்று ஒரு டம்ளரை நீட்டினான். வாங்கிக்கொண்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, “நான் வந்தேன்னு அப்பாட்ட சொல்ல வேண்டாம், என்ன தாயி” என்றார். நான் தலையாட்டினேன். அன்றைக்கு நிறையத் தலையாட்டினேன். அவர் கொல்லைவாசல் வழியாகப் பின்சந்தில் இறங்கி, கூட்டத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு, தன் வீட்டுக்கே விருந்தாளிபோலப் போனார்.

அவர் பின்சந்தில் நடந்துகொண்டிருந்த அதே நேரம் அப்பா அவருடைய தலைவாசல் வழியாகத் தெருவுக்கு வந்துகொண்டிருந்தார். ஒருவர் பின்னால் ஒருவர் சுவரைச் சுற்றியிருக்கிறார்கள். இரண்டு பெண்களும் தங்கள் தங்கள் வீட்டு ஆளைக் கிளப்பிவிட்டிருந்தார்கள். யார் போவது, யார் வீட்டில் இருப்பது என்று மட்டும் வாளியிடம் சொல்லி முடிவு செய்ய முடியவில்லை.

அப்பா திரும்பி வந்ததும் ரிப்பனைக் கழற்றித் தூணில் குத்தினார். கூட்டமெல்லாம் போய், சாயங்காலம் அம்மா கேட்டாள். நான் பலகையில் குனிந்து கணக்குப் போடுவதுபோல உட்கார்ந்திருந்தேன்.

அவர் சொன்னது இது. பட்டாசாலையில் அண்ணனுடைய நாற்காலி இருந்தது. மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியில் பேப்பரும் கண்ணாடியும் கிடந்தன. ஆள் இல்லை. மதினி உள்ளே அடுப்படியில் வந்தவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள், இவரைப் பார்க்கவில்லை. கல்யாணப் பெண்ணை அன்னியர் கண்ணில் படக் கூடாதென்று மச்சில் வைத்திருந்தார்கள். மோர் கொடுத்த பையன்களுக்கு இவரை யாரென்றே தெரியாது.

“நான் வாரேன்னு தெரிஞ்சுதான் எந்திரிச்சுப் போயிருக்காரு. நாக்காலியத் தொட்டுப் பாத்தேன். சூடுகூட ஆறல.”

“மோராச்சும் குடிச்சீகளா?”

“ஆளில்லாத வீட்ல என்ன மோரு.”

நான் கணக்கைப் போட்டுக்கொண்டே இருந்தேன். பெரியப்பா வந்தார் என்று சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது உண்மைதான். சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். பேசாத ஆள், அப்பா இல்லாத நேரத்தில், வீட்டுக்குள் வந்து தூணையெல்லாம் தொட்டுவிட்டுப் போயிருக்கிறார். அப்பா ஏற்கெனவே கோபமாக இருக்கிறார். இதையும் சொன்னால் இன்னொரு சண்டை நிச்சயம். போதாக்குறைக்கு, பெரிய மனிதர் என்னை நம்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். அப்பா சொன்னதையும் சொன்னபடி செய்தாயிற்று, பெரியப்பா சொன்னதையும் செய்தாயிற்று. என்னைப்போல் ஒரு பிள்ளை அந்தத் தெருவில் இல்லை என்று எனக்கு நானே நினைத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து கிணற்றடியில் பேச்சு இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மாவிடம் பெரியப்பா என்ன சொல்லியிருப்பார் என்று இப்போது ஊகிக்க முடிகிறது. கடைவீதியே அடைத்துக் கிடக்கும் நாளில் தம்பி கடைக்குப் போய்விட்டானாம். தன் புருஷன் அவமானப்பட்டு வந்தான் என்று பெரியம்மா நினைத்தார்கள். தன் புருஷன் அவமானப்பட்டு வந்தான் என்று அம்மா நினைத்தாள். வாளிகள் ஏறின, இறங்கின. யாரும் வாளியிடம்கூடப் பேசவில்லை. சுவருக்கு மேலே கனகாம்பரமும் வரவில்லை.

கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. ஒரு சுவர் தள்ளி இருக்கிற வீட்டிலிருந்து, ஸ்டாம்பு ஒட்டி. தபால்காரர் அதைக் கொடுத்துவிட்டு, அடுத்த தபாலை அடுத்த வாசலில் போடப் போனார். கூடப்பிறந்த தம்பிக்குத் தபாலில் பத்திரிகை அனுப்பினால், வராதே என்று அர்த்தம் என்றார் அப்பா. அனுப்பாமல் இருக்க மனசில்லை என்றும் அர்த்தம் எடுக்கலாம் என்றாள் அம்மா. அந்தப் பேச்சு எடுபடவில்லை.

கல்யாணத்தன்று அப்பா திருச்சுழிக்கு உர லோடு விஷயமாகப் போவதாகச் சொல்லிக் காலையிலேயே பஸ் ஏறிவிட்டார். அம்மா எனக்குத் தலைசீவி, மாம்பழக் கலர்ப் பட்டுப்பாவாடையைக் கட்டிவிட்டாள். எங்கே போகிறோம் என்று கேட்டேன். எங்கேயும் இல்லை, சும்மா கட்டிக்கோ என்றாள். மச்சு ஜன்னலில் நின்று பார்த்தோம். அக்கா மாலையோடு காரில் ஏறினாள். ஏறுவதற்கு முன் எங்கள் தலைவாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். நாங்கள் ஜன்னலில் இருந்தது அவளுக்குத் தெரியாது. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மா என் தோளை அழுத்தினாள். நாள் முழுவதும் பட்டுப்பாவாடையோடு வீட்டுக்குள் திரிந்தேன். சாயங்காலம் இடுப்பில் வேர்க்குரு.

அடுத்த வருஷமே பெரியப்பா வீட்டார் மதுரைக்குப் போய்விட்டார்கள். வடக்குப் பக்கம் பூட்டிக் கிடந்தது. விடியற்காலையில் இருமல் இல்லை. அப்பா பழக்கதோஷத்தில் பல் தேய்க்கும்போது கொஞ்ச நேரம் நின்று பார்ப்பார், பிறகு கொப்பளிப்பார்.

பெரியப்பா இறந்தபோது நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம். அப்பா மதுரைக்குப் போனார், தோள் கொடுத்தார், குளித்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் திரும்பி வந்தார். அங்கே யார் யாரிடம் என்ன பேசினார் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு வீடு ஒரு மாதிரி அமுங்கிக் கிடந்தது. அந்த லீவுக்கு நான் வந்திருந்தேன். ஹாஸ்டலில் நாலு பேரைச் சிரிக்கவைத்துப் பழகிய வாய். வீட்டில் இப்படி உம்மென்று உட்கார்ந்து சாப்பிடுவது எனக்கு ஒத்துவராது. மத்தியானச் சாப்பாட்டில், அந்தப் பங்குனியில் வீடு பார்க்க வந்த கூட்டத்தை எடுத்துவிட்டேன். ஒலிபெருக்கி, புறா, ஜமீன்தாருக்காக வருத்தப்பட்ட வெள்ளைக்கார அம்மா. அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்கும் கொஞ்சம் வந்தது. அந்த ஜோரில் சொன்னேன்:

“நம்ம பெரியப்பாகூட ரிப்பன் குத்திக்கிட்டு, யாரோ மாதிரி கடைசில வந்து நின்னாகளே. எனக்கு வாயே வரல.”

சொல்லி முடித்தபோது சிரித்துக்கொண்டிருந்தது நான் மட்டும்தான்.

அம்மா ரசக் கரண்டியோடு அப்படியே நின்றாள். “எங்க?” என்று என்னைக் கேட்டார் அப்பா. நம்ம வீட்டில்தான் என்றேன். எப்போ என்றார். நீங்க அந்தப் பக்கம் போனீங்களே, அப்போதான் என்றேன். சொல்லச் சொல்லத்தான், அந்த இரண்டு சமாச்சாரமும் ஒரே காலையில், ஒரே கால்மணி நேரத்தில் நடந்தவை என்பது என் மண்டைக்குள் இறங்கியது. அத்தனை வருஷம் என்னிடம் தனித்தனியாக இருந்தவை அவை. முழுக்கச் சொன்னேன். தூணில் கை வைத்தது, மாட்டுவண்டி, என்னைக் கேட்டது, நான் சொன்னது, சொல்லாதே என்று அவர் சொன்னது எல்லாம்.

அப்பா என்னைத் திட்டவில்லை. “நீ என்ன செய்வ. நாங்க ரெண்டு பேரும் சொன்னதத்தான செஞ்ச” என்றார். இலையில் சோறு அப்படியே இருந்தது. பிறகு ஒன்று கேட்டார்.

“மோரு குடிச்சாரா?”

“குடிச்சாக.”

“நான் கடைக்குப் போயிட்டேன்னு நீ சொல்றதுக்கு முந்தியா, சொன்னதுக்குப் பெறகா?”

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பொய் சொல்லியிருக்கலாம். அந்த வயதில் அதெல்லாம் தெரிந்துதான் இருந்தது. ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொன்னதுக்குப் பெறகுதான்.”

அப்பா எழுந்து கை கழுவப் போனார். கொல்லையில் ரொம்ப நேரம் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

அந்தப் பங்குனிக் காலையில் பெரியப்பா அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு அண்ணாந்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். வெயிலில் வந்தவர், நல்ல தாகம் என்று நினைத்தேன். எல்லாரிடமும் கேட்டதுபோலத்தான் அவரிடமும், இன்னொரு டம்ளர் வேணுமா என்று கேட்டேன். “போதும்த்தா” என்றார். மெட்ராஸ்காரர்கள் எல்லாம் இரண்டு மூன்று வாங்கிக் குடிக்கிறார்கள், இவர் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.